இல்லாத பின்கதவு

பிப்ரவரி 3, செவ்வாய்

பால் வாங்கப் போன பொடிசு இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். பால் இல்லை. கையோடு கொண்டுபோன குடையும் இல்லை. கேட்டதற்கு, கடை மூடியிருந்தது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கடை திறந்துதான் இருந்தது, ஒரே கூட்டம் என்றாள். கடைசியில், யாரோ ஒருவர் நனைந்துகொண்டு நின்றார், குடையைக் கொடுத்துவிட்டேன் என்றாள். இன்று ஒரு தூறல்கூட இல்லை. மூன்று கதையையும் என் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். பொய் சொல்கிறவர்கள் கண்ணைப் பார்க்க மாட்டார்கள் என்பார்கள். என் தங்கைக்கு அந்தச் சட்டமெல்லாம் செல்லாது.

வயது இருபத்து நான்கு. பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லாததால் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தோம். பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வருட இடைவெளி. அம்மா போனபோது அவளுக்கு ஆறு, எனக்கு இருபது. கப்பல் வேலையில் இருந்த அப்பா ஏதோ ஒரு துறைமுகத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். ஆக, நான் அக்காவா அம்மாவா என்பதை யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. தலையில் விழுந்தது.

பட்டறையில் நான்கு மேல் பல்செட் முடித்தேன். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல் வரிசை பதித்துக் கொடுப்பதுதான் பதினாறு வருடமாக என் பிழைப்பு. ஊரில் எத்தனையோ பேர் நான் செய்த பல்லால் சிரிக்கிறார்கள். அதில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 4

குடை கிடைக்கவில்லை. மழை வந்துவிட்டது.

பிப்ரவரி 11, புதன்

பொடிசு நாய் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இன்றோடு ஐந்து மாதம். நான்கு வருடத்தில் ஏழு வேலை. மூன்று மாதம் தாண்டியது இதுதான் முதல். கூண்டுகளைக் கழுவ வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், சிகிச்சை முடிந்த நாய்களைத் துவட்டி விட வேண்டும். நாய்கள் அவளிடம் முரண்டு பிடிப்பதில்லையாம். அங்கே இருக்கிற கால்நடை மருத்துவரை அவள் ‘நாய் டாக்டர்’ என்றே சொல்கிறாள், அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகவே.

இந்த வேலையாவது நிலைக்கட்டும். கண் படக் கூடாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 19, வியாழன்

நாய் ஆஸ்பத்திரியிலிருந்து மாலை போன். கால் எலும்பு முறிந்து தேறி வந்த பழுப்பு நாய் ஒன்று, கூண்டு திறந்து கிடந்ததால் தெருவுக்கு ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது. நாளைக்கு வீட்டுக்குப் போக வேண்டிய நாய். யார் திறந்து விட்டது என்று எல்லாரையும் கேட்டிருக்கிறார்கள். பொடிசு, நான்தான் என்று ஒப்புக்கொண்டாளாம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஆமாக்கா, நான்தான், தாழ்ப்பாள் போட மறந்துட்டேன் என்றாள். அழவில்லை. அதில்தான் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஒரு உயிர் போயிருக்கு, உனக்குக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல— நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுதக் கூசுகிறது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். “நீ எதுக்குத்தான் லாயக்கு?”

அவள் யோசித்துவிட்டு, “ஒண்ணுக்கும் இல்லக்கா” என்றாள்.

கேலி இல்லை. எதிர்ப் பேச்சும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20

சாப்பிடவில்லை. நானும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நாய் டாக்டர் என்னை வரச் சொல்லியிருந்தார். பட்டறையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். வேலையிலிருந்து எடுக்கத்தான் என்று நினைத்து, மன்னிப்பை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

அவர் என்னை உட்காரவைத்து வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பத்தொன்பதாம் தேதி பொடிசு பன்னிரண்டு மணிக்கே கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்; சாயங்காலம் விசாரிக்கத்தான் எல்லாரோடும் அவளையும் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். நாய் ஓடியது மூன்று மணிக்கு. எதிர்க்கடைக் கேமராவில் பார்த்தால், வாசலோரக் கூண்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தது இன்னொரு உதவியாளர். அவளும் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அப்படியானால் இவள் ஏன் ஒப்புக்கொண்டாள்? அந்த அம்மாவுக்கும் அதே சந்தேகம் வந்திருக்கிறது. நேற்றுப் பொடிசைத் தனியாகக் கூப்பிட்டு, அன்னைக்கு பின்கதவையும் நீதான் திறந்து வெச்சியா என்று கேட்டாராம். ஆமா, நான்தான் என்று சொல்லியிருக்கிறாள். எப்படித் திறந்தாய் என்றதற்கு, கதவு கொஞ்சம் இறுகி இருந்தது, தோளால் இடித்துத் திறந்தேன் என்று விவரமும் சொல்லியிருக்கிறாள்.

“எங்க ஆஸ்பத்திரியில பின்கதவே கிடையாதும்மா” என்றார் நாய் டாக்டர்.

அவர், பிறக்கும்போது எடை எவ்வளவு, நடக்கப் பேச எத்தனை மாதம் ஆனது என்றெல்லாம் கேட்டார். பிறகு, நான் மிருகங்களுக்குப் பார்க்கிறவள், மனுஷத் தலை எனக்குத் தெரியாது, ஆனால் இது பொய் சொல்கிற பெண் இல்லை என்று சொல்லி, ஒரு நரம்பியல் டாக்டரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து எதிர்க்கடை வாசலில் நின்றேன். பஸ் இரண்டு வந்து போனது. ஏறத் தோன்றவில்லை.

மார்ச் 2, திங்கள்

மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் ஆயிற்று, அதைக் கேட்க எனக்கு வாய் வர.

பொடிசு முழிக்கிறாள். “நான்தான் பண்ணேன்னு நெனச்சேன்க்கா. எல்லாரும் கேக்கக் கேக்க, கண்ணு முன்னாடி படம் மாதிரி வந்துருச்சு.”

அப்படியானால் அந்தக் குடை? கடை மூடியிருந்ததும் திறந்திருந்ததும்? இத்தனை வருடம் நான் அவளைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் தேடித் தேடி ஏதோ ஒரு படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் அதற்குப் பொய் என்று பெயர் வைத்து அடித்திருக்கிறேன். சின்ன வயதில் கையாலும் அடித்திருக்கிறேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

நரம்பியல் டாக்டரிடம் முதல் தடவை. பொடிசு அவருக்கு அங்கேயே ‘தலை டாக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். அவசரப்படாத மனிதர். நாடாவால் தலையைச் சுற்றி அளந்தார். சின்ன அளவுகோலை வைத்துக் கண் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்தார். பிறகு ஒரு அட்டையில் இருந்த உதட்டுப் படங்களை அவள் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே எல்லாருக்கும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். பல்செட் செய்ய அனுப்பும் மெழுகில் டாக்டர்கள் நடுக்கோடு கீறுவது அதைப் பார்த்துத்தான். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும்தான் நான் முன்பல் இரண்டையும் வைப்பேன். பொடிசுக்கு அந்தப் பள்ளம் இல்லை. வழவழவென்று, இஸ்திரி போட்ட மாதிரி. மேலுதடு ஒரு கோடு. பதினாறு வருடம் வாயைத்தான் வேலையாகச் செய்கிறேன். வீட்டில் இருக்கிற வாயைப் பார்க்கவில்லை.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் கேட்டார். அம்மா கர்ப்பமாக இருந்தபோது மது குடித்ததுண்டா? முகத்தில் இரண்டு அடையாளம் தெளிவாக இருக்கிறது, மூன்றாவது சந்தேகமாக இருக்கிறது, அதனால் இதை அறிந்தவர் யாராவது சொன்னால்தான் உறுதியாக எழுத முடியும் என்றார்.

நான் சொன்னேன்: “இல்ல டாக்டர். அம்மா டீதான் குடிப்பாங்க.”

மார்ச் 18, புதன். பட்டறை, மதிய இடைவேளை

அந்த வாக்கியம் நேற்று யோசித்துச் சொன்னதில்லை. தானாக வந்தது. இருபத்து நான்கு வருடமாக உள்ளே தயாராக இருந்திருக்கிறது.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

எனக்கும் பொடிசுக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு அம்மா தூங்கவில்லை. அப்பா கப்பலில். அம்மா வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுப்பாள், மற்றவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரை, வழக்குப் பத்திரம், எதுவானாலும். மேஜையில் பக்கத்திலேயே டீ கோப்பை இருக்கும். மேலே சாசர் மூடி. ஆறாத டீ. ஏனென்றால் அது டீயே இல்லை. மாலையில் பள்ளியிலிருந்து வந்து நான் பக்கத்து அறையில் படிப்பேன். டைப்ரைட்டர் சத்தம் ஒரே சீராக வரும். அது விட்டு விட்டுக் கேட்க ஆரம்பித்தால் இரண்டாவது கோப்பை என்று எனக்குத் தெரியும். சில நாள், ஊத்திட்டு வாடி கண்ணு என்பாள். நான்தான் ஊற்றிக் கொண்டுபோவேன். கோப்பையைக் கழுவி, மோந்து பார்த்து, மறுபடி கழுவுவேன். அம்மா கிராம்பு மெல்லுவாள்.

அவள் கெட்டவள் இல்லை. கத்த மாட்டாள். அடிக்க மாட்டாள். தப்பு அடித்த தாளை எல்லாம் எனக்கு ரஃப் நோட்டாகத் தைத்துக் கொடுப்பாள். அந்தக் கோப்பை மட்டும்தான்.

வயிறு தெரிய ஆரம்பித்த பிறகும் கோப்பை நிற்கவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். அம்மாவைச் சோதித்துவிட்டு, சமையலறைக்கு வந்து என்னைத் தனியாகக் கேட்டார், அம்மா ஏதாவது குடிக்கிறாங்களா பாப்பா என்று. அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். என்னையே பார்த்தாள். நான் சொன்னேன், அம்மா டீதான் குடிப்பாங்க.

நர்ஸ் போனதும் அம்மா என்னை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள். ரொம்ப நேரம் வாரினாள்.

முதலாளி கூப்பிடுகிறார். அச்சு காய்ந்திருக்கும்.

மார்ச் 22, ஞாயிறு

சித்திக்குப் போன் செய்தேன். அம்மாவின் ஒரே தங்கை, எங்களுக்கென்று மிச்சம் இருக்கிற ஒரே ஆள். டாக்டர் கேட்டதைச் சொல்லி, சொல்லிடலாம்னு இருக்கேன் சித்தி என்றேன்.

சித்தி கொட்டித் தீர்த்துவிட்டார். எங்க அக்கா வாயில சாராய வாடையே பட்டதில்ல. செத்தவ மேல சேத்த வாரி எறியறியா. புள்ளைக்கு மூளை இல்லன்னா ஊர்ல எத்தனை பேருக்கு இல்ல, எல்லாரோட அம்மாவும் குடிகாரியா?

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“நீ போய் அப்படி எழுதிக் கொடுத்தேன்னா, என் வீட்டு வாசப்படிய மிதிக்காத.”

வைத்துவிட்டார்.

மார்ச் 29

பட்டறையில் பக்கத்து மேஜைக்காரி, ஏன் முகம் வாடிக் கிடக்கு என்றாள். பல்வலி என்றேன். பல் பட்டறையில் அதைச் சொன்னால் யார் விடுவார்கள். நான்கு பேர் வாயைத் திறக்கச் சொன்னார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

சொல்லிவிட்டேன்.

தனியாகப் போனேன். பொடிசிடம் பட்டறை என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். (நான் சொன்னால் மட்டும் அது பொய்க் கணக்கில் வராது போலிருக்கிறது.) டாக்டர் எதிரே உட்கார்ந்ததும், போன தடவை நான் சொன்னது தப்பு என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எல்லாம் வரிசையாக வந்தது. எத்தனை கோப்பை, எந்தெந்த மாதம், கோப்பை எவ்வளவு பெரியது. அதெல்லாம் எனக்கு எவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறது என்று எனக்கே பயமாக இருந்தது.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். தாய் குடித்தால் அது தொப்புள்கொடி வழியாக அப்படியே குழந்தைக்கும் போகும். அந்தச் சின்னக் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. முதல் மாதங்களில் முகம் உருவாகிற சமயத்தில் பட்டால் முகத்தில் தெரியும். மூளை கடைசி நாள் வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் எந்த மாதத்தில் பட்டாலும் அதற்குப் பாதிப்பு உண்டு. இவ்வளவு குடித்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு அளவு யாருக்கும் தெரியாது. நிறையப் பேருக்கு முகத்தில் ஒன்றுமே தெரியாமல் உள்ளே மட்டும் இருக்குமாம். அவர்களெல்லாம் திமிர் பிடித்தவர்கள், சோம்பேறிகள் என்று பெயர் வாங்கிக்கொண்டே வாழ்ந்து முடிப்பார்களாம்.

அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, “உங்களுக்கு அப்ப பதினாலு வயசு” என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தை. அந்த நர்ஸிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மிச்ச மாதங்களாவது...

வரும் வழியில் பேச யாருக்காவது போன் செய்யலாம் என்று பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மெழுகு விற்பவர், கேஸ் சிலிண்டர், பல் கிளினிக், பல் கிளினிக், சித்தி.

ஏப்ரல் 23, வியாழன்

மூன்று நாள் பரிசோதனைக்குப் பிறகு முடிவு வந்தது. கருவிலேயே மது பட்டதால் வந்த மூளைப் பாதிப்பு. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறது. பேச்சு வயதுக்கு ஏற்றதாக இருக்கிறது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நேரம், கணக்கு, திட்டம் போடுவது, ஒன்று முடிந்து அடுத்தது என்ன என்று பிடித்துக்கொள்வது எல்லாம் எட்டு ஒன்பது வயதுக் குழந்தையின் அளவு. யாராவது அழுத்திக் கேட்டால் ஒப்புக்கொண்டுவிடுவது, நினைவில் இருக்கிற ஓட்டையை மனமே கதையால் அடைத்துக்கொள்வது, இரண்டும் இதில் வருகிறதுதானாம்.

மருந்து உண்டா என்றேன். ஆன சேதத்தைச் சரிசெய்ய மருந்து இல்லை. அவளைச் சுற்றியிருக்கிறதை மாற்றலாம் என்றார். அவளைச் சுற்றியிருக்கிறது யார்? நான்தான்.

ஏப்ரல் 25, சனி

பொடிசிடம் சொன்னேன். தலை டாக்டர் சொல்லித்தந்த மாதிரி, சின்னச் சின்ன வாக்கியமாக. நீ வயிற்றில் இருந்தபோது அம்மா மது குடித்தாள். அது உன் மூளையில் கொஞ்சம் இடத்தைக் கெடுத்துவிட்டது. அதனால்தான் மறக்கிறது.

கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டு:

“அப்ப நான் சோம்பேறி இல்லயா?”

இல்லை என்றேன்.

“திமிரு?”

“இல்ல.”

“ஞாபகம் இல்லாத மாதிரி நடிக்கறவ?”

“இல்லடி.”

“எருமமாடு?”

சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. எல்லாமே என் வார்த்தைகள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. மூன்றாம் வாய்ப்பாடு ஒரு வாரம் நிற்காத தலையில் இவ்வளவும் நின்றிருக்கிறது.

மே 2

அம்மா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். நான் தொடவில்லை.

மே 5, செவ்வாய்

தட்டு ஒன்று, ஜாடி ஒன்று. வீசி உடைத்தாள். அள்ளும்போது, “அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலயாக்கா?” என்றாள்.

இதற்கு டாக்டர் ஒன்றும் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நீ பிறந்தபோது கை அளவுதான் இருந்தாய், அம்மா உன்னைப் பஞ்சில் சுற்றி நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்தபடியே தூங்கினாள், என்னைத் தொடக்கூட விடவில்லை. அந்த இரண்டு மாதம் மேஜையில் கோப்பை இல்லை.

பிறகு மறுபடி வந்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன்.

மே 11

படம் நேராக இருக்கிறது. எப்போது திருப்பினாள் என்று தெரியவில்லை.

மே 30, சனி

முள் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு எண் காட்டும் கடிகாரம் மாட்டினேன். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். “பால் வாங்கிட்டு வர்றப்ப அப்படியே துணிக் கடையில...” கூடாது. காலையில் செய்ய வேண்டியதைப் படமாக வரைந்து ஒட்டியிருக்கிறேன். என் ஓவியத்தின் லட்சணத்துக்கு, பல் தேய்க்கும் படத்தைப் பார்த்துவிட்டு, நான் எதுக்குக்கா துப்பாக்கியால வாயில சுட்டுக்கணும் என்று கேட்டாள்.

பரிசோதனை முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்த பொடிசை நாய் ஆஸ்பத்திரியில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காலையில் மூன்று மணி நேரம் மட்டும். துவட்டுவதும் சீவிவிடுவதும். தாழ்ப்பாள் அவள் பொறுப்பில் இல்லை. செத்த நாயின் வீட்டுக்காரருக்கு உண்மையை நாய் டாக்டரே போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 16

கத்திவிட்டேன். எல்லாப் படமும் ஒட்டியும் அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறாள். வேணும்னே பண்றியா என்று வாயில் வந்துவிட்டது. வந்த வார்த்தையைத் திரும்ப முழுங்க முடிகிறதா. காகிதத்தில் நோயின் பெயர் வந்துவிட்டால் நான் நல்லவளாகிவிடுவேன் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 8

என் பிறந்தநாள். சித்தி இந்த நாளை மறந்ததே இல்லை. போன் வரவில்லை.

ஜூலை 21, செவ்வாய்

பட்டறையில் பக்கத்து மேஜைக்காரிக்கு ஆறாம் மாதம். ஒரு கல்யாண விருந்தில் எல்லாரும் வற்புறுத்தி ஒரு வாய் வைன் குடித்தாளாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தேன். சொல்வதா வேண்டாமா? ஊர் வம்பு நமக்கு எதற்கு? பத்து நிமிடம் பல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய்ச் சொன்னேன். இனிமே அதுகூட வேண்டாம், என் தங்கச்சிக்கு இப்படி ஆச்சு.

யாரிடமும் சொல்லாததை முதல் தடவை வெளி ஆளிடம் சொல்கிறேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. மிரட்டின மாதிரி ஆகிவிட்டதோ? டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், ஆனால் இன்றிலிருந்து நிறுத்திவிட்டால் அதுவே பெரிய நல்லது என்றும் சொன்னேன். மாலை போகும்போது என் மேஜைக்கு வந்து ஒரு நிமிடம் நின்றாள். என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 15, சனி

சித்தி வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், காலை பத்து மணிக்கு, கையில் பை இல்லாமல்.

பொடிசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சித்தி உட்காரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். சீப்பு, சாவி, செருப்பு. கடைசிப் படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே பேசினார்.

“பச்சக் குழந்தையப் புதைச்சிட்டு வந்து அவ தூங்கவே இல்ல. பதினேழு நாள். எனக்கு பயமா இருந்துச்சு, பைத்தியம் புடிச்சிருமோன்னு. கொஞ்சம் குடிச்சிட்டுப் படுக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். மொத பாட்டில் நான் வாங்கிட்டு வந்தது.”

நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தூங்கினா. நல்லாத் தூங்கினா. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நாற்காலியை இழுத்து உட்காரவைத்தேன். கட்டிப் பிடித்துக்கொள்ள எனக்கு வரவில்லை. கோபமும் வரவில்லை. ஊற்றிக் கொடுத்தவள் நான் ஒருத்திதான் என்றல்லவா இத்தனை வருடம் இருந்தேன்? இதே ஊரில், எட்டுத் தெரு தள்ளி, இவரும் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னிடமிருந்து அவரும், அவரிடமிருந்து நானும் மறைத்திருக்கிறோம்.

ஒரு மணிக்குப் பொடிசு வந்தாள், மேலெல்லாம் நாய் முடியோடு. ஐ, சித்தி, ஏன் இவ்வளவு நாளா வரல என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றார் சித்தி. பொடிசு நம்பினாள். மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாயங்காலம் வரை சித்தி போகவில்லை.

ஆகஸ்ட் 29

சித்தி சனிக்கிழமைகளில் வருகிறார். பொடிசிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவர் தயாராகும் வரை காத்திருக்கப் போகிறேன்.

செப்டம்பர் 20

தலை டாக்டர் பொடிசுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். யாராவது கேள்வி கேட்டால் உடனே ஆமாம் சொல்லக் கூடாது. மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். நானும் அவளும் காலையில் பழகுகிறோம். நேத்து நீ யானை மேல வந்தியா? ஒன்று, இரண்டு, மூன்று... “ஆமாக்கா.” இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் கிண்டலுக்குச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

அவசர வேலை என்று நேற்று இரண்டு மாவு அச்சை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தேன். காலையில் காய்கறி வாங்கிவிட்டு வந்து பார்த்தால், மேஜைக்குக் கீழே ஒன்று தூள் தூளாகக் கிடக்கிறது. நாளைக்குக் கொடுக்க வேண்டியது. பொடிசு கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தாள்.

பழக்கதோஷம். “இது நீதானே தட்டி விட்ட?”

சாக்ஸைக் கீழே வைத்தாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாள். ஐந்தைத் தாண்டியும் எண்ணியிருப்பாள், அவ்வளவு நேரம் எடுத்தது.

“இல்லக்கா.”

சரியா யோசிச்சுச் சொல்லு என்றேன், இன்னும் கொஞ்சம் அழுத்தி. குரல் உயர்ந்திருக்கும். அவள் முகம் சிவந்தது. கை சாக்ஸைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“இல்ல. நான் அந்தப் பக்கமே போகல.”

அப்போதுதான் திரைச்சீலை மேஜை மேல் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தவள் நான். காலையில் மெழுகு நாற்றம் போகட்டும் என்று திறந்து வைத்துவிட்டு, சாத்தாமல் கடைக்குப் போயிருக்கிறேன். உட்கார்ந்து தூளை அள்ளிக்கொண்டே, நான்தான்டி, ஜன்னலை நான்தான் சாத்தல என்றேன்.

அவள் வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். உடைந்த அச்சில் பெரிய துண்டு ஒன்றை எடுத்து என் முறத்தில் போட்டாள்.

“பரவால்லக்கா. மறந்திருப்ப. எனக்கும் அப்படித்தான் ஆகும்.”